மழையை விழுங்கியவள்

பாப்பம்மாள் மழையை நிறுத்தினாள் என்று அவள் பிறந்த ஊரான பிள்ளைப்பாக்கத்தில் சொன்னார்கள். ஒருவர் இருவர் அல்ல, ஊரே சொன்னது. அவளும் அதை நம்பினாள். பதினான்கு வருஷம் நம்பினாள். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அதைப் பார்த்தவள் நான். என் பெயர் கனகம். ஸ்ரீபெரும்புதூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். பொய் இல்லை. இதைச் சொல்லும்போதும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீபெரும்புதூரிலேயே பெங்களூர் ரோட்டை ஒட்டி, ஒரு கிணற்றைச் சுற்றி வரிசையாகக் கட்டிய வீடுகள் எங்களுடையவை. 1974 ஆவணியில் சின்னப்பராஜ் அவளை அங்கே கூட்டிக்கொண்டு வந்தான். ரோட்டோரமாகச் சின்னதாக ஒரு பட்டறை வைத்து, ஆயில் இஞ்சினும் கிணற்று மோட்டாரும் பழுது பார்ப்பவன். கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பையன், அதிர்ந்து பேசமாட்டான். பாப்பம்மாளின் அண்ணன் தசரதனுடைய கிணற்றில் இஞ்சின் மக்கர் பண்ணுகிறது என்று போனவன், ஒரு நாள் வேலைக்கு ஒரு மாதம் போனான். இஞ்சினுக்கு அப்படி என்னதான் வியாதி என்று தசரதனுக்குச் சந்தேகம் வந்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. இருவரும் மாதா கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள்.

தசரதன் ஒரே ஒரு முறை வந்தான். சண்டை போடவில்லை. கிணற்றடியில் நின்று, "உன்னத் தலமுழுகிட்டோம். ஊர்ப் பக்கம் வராத" என்றான். வந்த வழியே திரும்பிப் போய்விட்டான். அவள் அன்றைக்கு அழவில்லை.

"அண்ணனுக்குக் கோவம் நிக்காது டீச்சர். ஒரு அறுப்பு அறுத்தா ஆறிப்பூடும்" என்றாள்.

அறுப்பு அறுக்க மழை வேண்டுமே.

எங்கள் சீமையில் ஆடியில் பெய்வது தூசியை அடக்கத்தான் காணும். ஏரி நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பெரியவர்கள் சும்மா சொல்லிவைக்கவில்லை. வடகிழக்கிலிருந்து வரும் அந்தக் குளிர்கால மழை தவறினால் எங்களுக்கு வருஷமே தவறிவிடும். அந்த வருஷம் தவறியது. தீபாவளியன்று பளீரென்று வெயில் அடித்தது. கார்த்திகை பிறந்ததும் பனி இறங்கிவிட்டது. பனி இறங்கினால் மழை போய்விட்டது என்று அர்த்தம். பிள்ளைப்பாக்கத்து ஏரிக்குள் மாடு மேய்ந்தது.

மழை பொய்த்தால் எங்கள் பக்கத்தில் கொடும்பாவி இழுப்பார்கள். எவரோ ஒருவர் செய்த பெரும்பாவம் மேகத்தை மறித்து நிற்கிறது என்று நம்பிக்கை. வைக்கோலில் ஆள் உயரத்துக்கு ஓர் உருவம் கட்டி, கயிறு போட்டுத் தெருத்தெருவாக இழுப்பார்கள். பெண்கள் தலையை விரித்துப் போட்டு மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் வறண்ட ஏரியில் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். பாவி செத்தால் மழை வரும். அந்த உருவத்துக்குப் பொதுவாகப் பெயர் கிடையாது. பாப்பம்மாள் பிறந்த தெருவில் மட்டும் பெண்கள் பெயர் சொல்லித்தான் அழுவார்கள். பெயர் சொன்னால்தான் பாவம் ஒட்டி வெளியே வருமாம். ஒரு கொடும்பாவிக்கு ஒரு பெயர்தான், இரண்டாவது பெயர் சொல்லக் கூடாது. அந்த வருஷம் யார் பெயர் என்று யாரும் கூடிப் பேச வேண்டியிருக்கவில்லை.

தயிர்க்காரி கோவிந்தம்மா அந்த ஊர்க்காரி. தினமும் எங்கள் வரிசைக்குத் தயிர் கொண்டுவருவாள். செய்தியும் அவள்தான் கொண்டுவந்தாள்.

"பாப்பு, உன் பேரச் சொல்லித்தான் அழுதாங்க."

"யாருக்கா மொதல்ல சொன்னது?"

கோவிந்தம்மா தயிரை அளந்தாள்.

"சொல்லுக்கா."

"உங்கம்மாதான். எல்லாரும் அது மூஞ்சியையே பாத்துக்கினு நின்னாங்க. அது இன்னா பண்ணும்? மாருல அடிச்சிக்கினு உன் பேரச் சொல்லிச்சு. ஆனா மெய்யாலுமே அழுதுது பாப்பு. நடிப்பு இல்ல."

இதில் என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. உயிரோடு இருக்கிற மகளுக்காக வீட்டில் வாய்விட்டு அழ அந்தத் தாய்க்கு அனுமதி இல்லை. தெருவில் ஒரு வைக்கோல் பொம்மையின் முன்னால்தான் அனுமதி கிடைத்தது, அழுது தீர்த்தாள். பாப்பம்மாள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பெற்றவளே சொன்னால் அது பொய்யாக இருக்குமா என்று எடுத்துக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு அந்தப் பாவப் பயம்.

அந்த வறட்சியில் சின்னப்பராஜின் பட்டறைக்கு வேலை குவிந்தது. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டார் வெறும் காற்றை இழுத்துச் சூடேறி எரிந்துபோகும். சுற்றுவட்டாரத்தில் எரிந்த மோட்டாரெல்லாம் மாட்டுவண்டியில் ஏறி எங்கள் வாசலுக்கு வந்தன. கருகிய கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றும் காயில் வேலையை அவள் இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டாள். விரல் அவ்வளவு நறுவிசு. வேறு ஒருத்தியாக இருந்தால் நல்ல காலம் பிறந்தது என்று சந்தோஷப்பட்டிருப்பாள்.

"ஊரு காஞ்சா என் வூட்ல சோறு வேகுது டீச்சர். இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்?" என்றாள்.

"கிணறு வத்தினா மோட்டார் எரியும். அது உன் பாவம் இல்லை, சயின்ஸ்" என்றேன்.

"கெணறு ஏன் வத்துச்சு?" என்று கேட்டாள்.

பிறகு வந்த ஒவ்வொரு ஐப்பசியும் எங்கள் வரிசையில் எனக்கு ஒரு தண்டனை. மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். ஏரிக்குத் தண்ணீர் வந்தது என்று கேள்விப்படும்வரை அவள் தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டாள். கல்யாண வீட்டுக்குப் போகமாட்டாள். கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "மழைய நிறுத்திட்டேன் சாமி" என்று சொல்வாளாம். அவளே என்னிடம் சொன்னது இது. சாமியார் வயதானவர், நல்லவர். முதல் வருஷம் விளக்கிப் பார்த்தார். அடுத்த வருஷம் அதட்டிப் பார்த்தார். அப்புறம், இந்தப் பாவத்துக்குத் தமக்கு வேறு வழி தெரியவில்லை என்று மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பத் தொடங்கினார். மூன்று சொல்லச் சொன்னால் இவள் முப்பது சொல்வாள்.

சின்னப்பராஜ் பாவம். "நான் கூட்டிக்கினு வந்தேன். பாவம்னா எனக்குத்தான பாதி?" என்று ஒரு நாள் கிணற்றடியில் கேட்டான். "ஒங்க பேர யாரும் சொல்லலியே" என்று அவள் பதில் சொன்னாள். அவன் பட்டறைக்குப் போய்விட்டான்.

1977இல் மழை கொட்டியது. ஏரிகளெல்லாம் கலங்கல் வழியாக வழிந்து ஓடின. ரோட்டில் முழங்கால் தண்ணீர். அந்த மழையில்தான் அவளுக்கு மகள் ரோஸி பிறந்தாள். பிள்ளை பிறந்த மயக்கத்திலும் அவள் கேட்டது, பிள்ளைப்பாக்கத்து ஏரி நிரம்பியதா என்றுதான். நிரம்பிவிட்டது என்று கோவிந்தம்மா சொன்னதும் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. மன்னிப்பு கிடைத்துவிட்டதாம். இனி அம்மா பேத்தியைப் பார்க்க வருவாளாம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாள். வந்தவை எல்லாம் மோட்டார்கள்.

"பாவம் தீந்திருந்தா அம்மா வந்திருக்கும்" என்று முடிவு கட்டிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மழை வராவிட்டாலும் இவள் குற்றவாளி, வந்தாலும் குற்றவாளி. இது என்ன நியாயம்? மூன்று வருஷம் கழித்து அந்தத் தாய் இறந்தாள். செய்தி வருவதற்குள் காரியமெல்லாம் முடிந்திருந்தது.

82இல் மறுபடி மழை தவறியது. "இந்த வருசம் நான் ஒண்ணும் பண்ணலியே டீச்சர்" என்று வந்து நின்றாள். யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டும் பிடித்தாள். டூரிங் கொட்டகையில் படம் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாளாம். "வானத்துக்கு வேற வேலை இல்லையா, நீ எப்போ சிரிக்கிறேன்னு பார்த்துக்கிட்டே இருக்குமா?" என்று கத்தினேன். கத்தி என்ன பயன்? இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்ததே தவிர, பின்னே ஏன் பெய்யவில்லை என்று சொல்ல விஷயம் இல்லை. பருவக்காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று என் பாடப் புத்தகத்தில் இருந்தது. வராமல் போனால் ஏன் என்று அதில் இல்லை.

1988 ஆடி மாதம், பூகோள டீச்சர்களுக்கு மெட்ராஸில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். போக எனக்கு இஷ்டமே இல்லை. இப்படிப்பட்ட வகுப்புகளில் மத்தியானச் சாப்பாடுதான் உருப்படியாக இருக்கும். ஆனால் கடைசி நாள் ஒருவர் வந்து கடலைப் பற்றிப் பேசினார். வானிலையைப் படித்தே தலை நரைத்தவர். சுவரில் உலகப் படத்தை மாட்டி, நம் கடலை விட்டுவிட்டு, பூமியின் மறுபக்கத்தில் பசிபிக் கடலின் நடுவில் கையை வைத்தார். அந்தக் கடல்நீர் சில வருஷங்களுக்கு ஒரு முறை வழக்கத்தைவிடச் சூடாகும், பிறகு சில வருஷங்களுக்கு ஒரு முறை குளிர்ந்து போகும். அதற்கு மேலே பல பத்து வருஷங்களுக்கு மெதுவாக ஏறி இறங்கும் இன்னொரு சுற்றும் இருக்கலாம் என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். கடல் மாறினால் அதன் மேல் வீசும் காற்று மாறும். காற்று மாறினால் எங்கோ இருக்கிற தேசங்களின் குளிர்காலம் மாறும். ஒரு இடத்தில் பனி அதிகம், ஒரு இடத்தில் வெள்ளம், ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லை.

அந்தக் கடல் குளிர்ந்திருக்கும் வருஷங்களில் தமிழ்நாட்டின் ஐப்பசி மழை பெரும்பாலும் குறைகிறது என்று சொல்லிவிட்டு, உதாரணத்துக்கு ஒரு வருஷம் சொன்னார். 1974. எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. கை தூக்கி, "அந்தக் கடல் எப்போ குளிர ஆரம்பித்தது?" என்று கேட்டேன். அதற்கு முந்தைய வருஷமே என்றார். இந்த வருஷமும் குளிரத் தொடங்கியிருக்கிறது, பார்க்கலாம் என்றும் சொன்னார்.

பஸ்ஸை விட்டு இறங்கினவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே பட்டறைக்குப் போனேன். அவள் மடியில் ஒரு காயிலை வைத்துக்கொண்டு நூல் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பம்மா, மழையை நிறுத்தினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. என் வாயாலும் தன் பெயரே வரப்போகிறது என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"கடல்" என்றேன்.

"எந்தக் கடலு? மெட்ராஸ் கடலா?"

"அது இல்லை. பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடல். நமக்குப் பகல்னா அங்கே ராத்திரி."

"அங்க இருக்கறது இங்க எப்படி டீச்சர்?"

"ஒரே கூரைக்குக் கீழே ரெண்டு அடுப்பு எரியுதுன்னு வெச்சுக்கோ. ஒண்ணு அணைஞ்சா இன்னொரு அடுப்புப் புகை வேற பக்கமாத் திரும்பும் இல்லையா? கூரை ஒண்ணுதானே? அப்படித்தான். அந்தக் கடல் குளிர்ந்தா இங்கே மேகம் வர்ற வழி மாறிடுது. அது 73லேயே குளிர ஆரம்பிச்சாச்சு. நீ அப்போ சின்னப்பராஜைப் பார்த்ததுகூட இல்லை. உங்க அண்ணன் இஞ்சின் நல்லா ஓடிக்கிட்டு இருந்தது."

அவள் காயிலைக் கீழே வைத்தாள். பட்டறைக்குள் சின்னப்பராஜ் சுத்தியலை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப எப்பவும் அந்தக் கடலாலதானா?" என்று கேட்டாள்.

"பெரும்பாலும்."

"82?"

இந்தக் கேள்விக்கு நான் பயந்துகொண்டேதான் வந்திருந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "82இல் அந்தக் கடல் சூடாத்தான் இருந்தது. அவங்க கணக்குப்படி நமக்கு நல்ல மழை வந்திருக்கணும். வரலை. அதையும் அவர் மறைக்கலை. கடல் ஒரு பக்கம் சாய்க்கும், அவ்வளவுதான். நம்ம பக்கத்துக் கடல், காற்று, புயல் எந்தக் கரைக்குப் போகுதுங்கிறது, எல்லாம் சேர்ந்துதான் மழை. மொத்தமும் அது ஒண்ணாலேதான்னு சொல்ல முடியாதுன்னார்."

கெட்டது காரியம் என்று நினைத்தேன். ஒரு சின்னச் சந்து கிடைத்தால் போதும், அவள் பாவம் அதற்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அவளிடமிருந்து சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது.

"அத்தாம் பெரிய கடலு டீச்சர். அதுவே எல்லாம் என்னாலதான்னு சொல்லிக்கல. நான் சொல்லிக்கினு இருந்தேன்."

சொல்லிவிட்டு அழுதாள். தனக்காக அல்ல. "இது தெரியாமலே அம்மா பூட்டுச்சே" என்று அழுதாள். சின்னப்பராஜ் கிரீஸ் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நானும் அழுதேன். பூகோளம் படித்ததற்கு முதன்முதலாகச் சந்தோஷப்பட்டேன்.

அந்தத் தீபாவளிக்கு அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். ஏரியில் பொட்டுத் தண்ணீர் இல்லை. மெட்ராஸ் வகுப்பில் அவர் சொன்னது போலவே அந்த வருஷம் ஐப்பசி வெறுமையாகப் போய்க்கொண்டிருந்தது. எரிந்த மோட்டார்கள் வரத் தொடங்கின. வாடிய முகத்தோடு வரும் குடியானவர்களுக்கு உட்கார மணை போட்டு மோர் கொடுப்பாள். முன்னெல்லாம் அவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டாள், இப்போது பார்த்தாள். "டீச்சர், அந்தக் கடலு இன்னும் ஜில்லுனுதான் கீதா?" என்று என்னிடம் விசாரிப்பாள். கவலை இருந்தது, ஆனால் அது எல்லோருக்கும் இருக்கிற கவலை.

கார்த்திகையில் ஒரு காலை, கோவிந்தம்மா தயிர்க்கூடையை இறக்கி வைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமலே பேசினாள்.

"ஊர்ல மறுபடி இழுக்கறாங்க. இந்த வெள்ளிக்கெழம."

"யாரு பேரு?" என்றாள் பாப்பம்மாள்.

"சின்னப்பொண்ணு. உனக்குத் தெரியாது, நீ வந்தப்பறம் வளந்தது. பென்னலூர்ல குடுத்தாங்க. புருசங்காரன் அடிக்கறான்னு அத்துக்கினு வந்துடுச்சு. இப்ப பூந்தமல்லிப் பக்கம் தையல் கம்பெனிக்குப் போவுது. விடியக்காலைல போயி இருட்டினப்புறம் வருது இல்ல, அதுக்கு ஒரு பேச்சு. அப்பன் இல்லாத பொண்ணு. யாரு கேக்கறது?"

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?"

"இன்னா சொல்லும்? வேலைக்கிப் போறத நிறுத்திட்டு வூட்டுக்குள்ள குந்திக்கினு கீது. சோறு எறங்கலையாம். நான்தான் காரணமா, நான்தான் காரணமான்னு அவுங்கம்மாவக் கேட்டுக்கினே கீதாம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் வருகிறேன், ஊர் நடுவில் நின்று கடல் கதையைப் புட்டுப்புட்டு வைக்கிறேன் என்று குதித்தேன்.

"வாங்க டீச்சர். ஆனா பேசாதீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து, கூட்டு ரோட்டில் இறங்கி நடந்தோம். ஊர் எல்லையில் அவளுக்குக் கால் கொஞ்சம் தயங்கியது. தாரை தப்பட்டைச் சத்தம் கேட்டது. தெருமுனையில் வைக்கோல் உருவத்தை நிறுத்தியிருந்தார்கள். கயிற்றை முன்னால் பிடித்திருந்தவன் தசரதன். நரைத்துவிட்டான், ஆனால் அடையாளம் தெரிந்தது. பெண்கள் தலையை அவிழ்த்துக்கொண்டு வட்டமாகக் கூடினார்கள். எதிரே ஒரு கூரை வீடு, கதவு சாத்தியிருந்தது. அந்த வீட்டுக்கு நேராகத்தான் உருவத்தை நிறுத்தியிருந்தார்கள்.

ஒப்பாரியைத் தொடங்க வேண்டிய கிழவி மூச்சை இழுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பாப்பம்மாள் வட்டத்துக்குள் போய்விட்டாள். கொண்டையைப் பிடித்து இழுத்து அவிழ்த்தாள். எனக்கு அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அதுவரை தெரியாது. மாரில் ஓங்கி அடித்துக்கொண்டு குரலெடுத்தாள்.

"அடியே பாப்பம்மா! தசரதங்கூடப் பொறந்தவளே! வூட்ட வுட்டு ஓடினவளே! சாமிய மாத்தினவளே! வந்த மழைய வழியில நின்னு முழுங்கினவளே!"

தப்பட்டை நின்றுவிட்டது. எவளோ ஒருத்தி, "ஐயோ, நம்ம பாப்பு" என்றாள். தசரதன் கயிற்றைப் பிடித்தபடியே கத்தினான்.

"ஏய், நீ எதுக்குடி வந்த? உன்ன யாரு கூப்ட்டா?"

"பதினாலு வருசமா என் பேரச் சொல்லிக் கூப்ட்டுக்கினேதான கீறீங்க அண்ணா? இப்பத்தான் வர முடிஞ்சுது" என்றாள். கிழவியின் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கி என் பொம்மையத்தான் எரிச்சீங்க. நான் சாவல, நல்லாத்தான் கீறேன். பாவம் எங்க தீந்துது? ஊரக் காய வெச்சவ நான் நிக்கறேன். அழுவுங்க."

கிழவி அவளையும் பார்த்தாள், சாத்திய கதவையும் பார்த்தாள். பாவியே நேரில் வந்து நின்று தன் பெயரைச் சொல்லி அழுதால் என்ன செய்வது என்று எந்த வழக்கத்திலும் இல்லை. பின்னால் ஒரு பெண், "அப்ப சின்னப்பொண்ணு?" என்று இழுத்தாள்.

"ஒரு கொடும்பாவிக்கு ஒரு பேருதான்" என்று கிழவி அதட்டினாள். "பேரு சொல்லியாச்சு. அடிங்கடி."

அடித்தார்கள். பாப்பம்மாளின் பெயரைச் சொல்லித் தெரு முழுக்க அழுதது. சிறு வயதில் அவளோடு விளையாடியவர்கள் சிலர் நிஜமாகவே அழுதார்கள். அவள் தன் பெயரைக் கேட்டுக்கொண்டே, எல்லோரையும்விடப் பலமாக மாரடித்துக்கொண்டு, உருவத்தின் பின்னால் ஏரிவரை போனாள். வைக்கோல் எரிந்து அடங்கியது. வானம் அப்படியேதான் இருந்தது, ஒரு சொட்டு விழவில்லை. தசரதன் கூட்டம் கலைந்த பிறகும் நின்றான். தங்கையின் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "நீதான்னு நீயே ஒத்துக்கினியா?" என்று கேட்டான். அவள் அவனைப் பார்த்தாள். முடியை அள்ளி முடிந்துகொண்டு நடந்தாள்.

திரும்பும்போது அந்தக் கூரை வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. மெலிந்த ஒரு பெண் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாப்பம்மாள் நிற்காமலே, "திங்கக்கெழம வேலைக்கிப் போம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூட்டு ரோடு வரும்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் வெடித்துவிட்டேன்.

"உன் தலையில இருந்து இறக்கி வைக்கணும்னுதானே அத்தனையும் சொன்னேன்? நீயே போய் எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டு வர்றியே! கடல்னு ஒரு வார்த்தை அங்கே சொல்லியிருக்கக் கூடாதா? நானாவது சொல்லியிருப்பேன், என் வாயையும் கட்டிப்போட்டே. இனி ஜென்மத்துக்கும் உன் பேர்தானே நிற்கும்?"

மாரில் அடித்த இடத்தை அவள் தடவிக்கொண்டாள். வலித்திருக்கும்.

"கடலச் சொன்னா அவுங்களுக்கு எட்டாது டீச்சர். காஞ்சி போயிக் கெடக்கறாங்க, அழுவறதுக்கு ஒரு பேரு வோணும். அந்தப் பொண்ணு பேரக் குடுத்தா அது நம்பிடும். என்ன மாதிரியே வயசெல்லாம் நம்பிக்கினு கெடக்கும். என் பேர எடுத்துக்கினு போவட்டுமே, இன்னா இப்ப? நான்தான் இனிமே நம்பமாட்டனே."